கூலி கேட்காத வேலைக்காரனைக் கொல்லச் சொல்வது யார்?



பூசணி, பாகல், பீர்க்கு போட்டவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். கொடி நல்லா ஓடுது. பூவும் பூக்குது. பிஞ்சு மட்டும் நிக்க மாட்டேங்குது. உடனே மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். அங்கே ஒரு டானிக், ஒரு பூச்சிமருந்து என்று எடுத்து வைக்கிறார்கள். அடித்த பிறகும் காய் இல்லை, கடன்தான் மிச்சம்!

வெயில், தண்ணீர், பழ ஈ என்று பல காரணம் உண்டு. ஆனால் ஒரு காரணத்தை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். இந்தக் கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தேனீயும் மற்ற பூச்சிகளும்தான். சேராவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். இதற்கு டானிக் என்ன செய்யும்? சூரியகாந்தியில் மணி பிடிக்க, காலையில் பூவோடு பூவைத் தேய்த்துவிடச் சொல்கிறார்கள். தேனீ சும்மா செய்த வேலைக்கு இனி ஆள் கூலி கொடுக்கணுமாம்! யார் கொடுப்பது?

பூச்சி என்றாலே பகை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவன் மருந்து விற்கிறவன். மரவள்ளி விவசாயிகளைக் கேளுங்கள். 2020-ல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் காடுகளுக்கும் பரவியது. அதை அடக்க அரசு விஞ்ஞானிகள் கொண்டுவந்தது மருந்து அல்ல, ஒரு பூச்சி! ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்த சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொல்கிறது. 2010-ல் பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியதும் இப்படி ஒரு குளவிதான். கண்ட மருந்தை அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவி. பிறகு மாவுப்பூச்சிக்குக் கொண்டாட்டம், கடைக்கு வியாபாரம்!

அரசு என்ன செய்கிறது? இமிடாக்குளோபிரிட், தயாமீத்தாக்சம், குளோத்தியானிடின் மூன்றும் செடி முழுக்க ஏறி, பூவின் மகரந்தத்திலும் தேனிலும் கலக்கும் விஷம். தேனீக்கு ஆபத்து என்று 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் இவற்றைத் திறந்த வயலில் பயன்படுத்தத் தடை போட்டது. அங்கே ஆகாதது இங்கே மட்டும் எப்படி ஆகும்? 27 மருந்துகளைத் தடை செய்வதாக மத்திய அரசு 2020-ல் வரைவு ஆணை போட்டது. 2023-ல் இறுதி ஆணை வந்தபோது முழுத் தடை விழுந்தது விரல்விட்டு எண்ணும் சிலவற்றுக்குத்தான். அதே 2020-ல் தேனீ வளர்ப்புக்கு 500 கோடி ரூபாய் அறிவித்ததும் இதே அரசுதான். ஒரு கையால் தேனீப் பெட்டி, மறு கையால் தேனீக்கு விஷமா?

நம் கோரிக்கைகள்:

1. இந்த மூன்று மருந்துகளையும் திறந்த வயலில் தடை செய்!

2. "தேனீக்கு ஆபத்து, பூக்கும்போது அடிக்காதே" என்று டப்பாவில் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிடு!

3. நன்மை செய்யும் பூச்சிகளை உற்பத்தி செய்து, வட்டாரந்தோறும் வேளாண்மை அலுவலகத்தில் இலவசமாகக் கொடு!

4. மருந்தைக் குறைக்கும் சிறு விவசாயிக்கு முதல் இரண்டு வருட நட்டத்தை ஈடுகட்டு!

நாமும் சும்மா இருக்க வேண்டாம். பூக்கிற நேரத்தில் மருந்து வேண்டாம். அடித்தே ஆகணும் என்றால் தேனீ கூடு திரும்பிய பிறகு, பொழுது சாய்ந்து அடிப்போம். வரப்பில் தட்டைப்பயறு, சூரியகாந்தி, செண்டுமல்லி போடுவோம். வேலியோரத் தும்பையையும் ஆவாரையையும் களைக்கொல்லி அடித்துக் கருக்காமல் விடுவோம். இதற்குப் பெரிய செலவில்லை.

அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுவோம்! கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு திரண்டு வாரீர்!

விஷ வியாபாரிக்குத் துணைபோகாதே! விளைச்சலுக்கு உழைக்கும் பூச்சியைக் காப்போம்!

இவண்,
விவசாயிகள் சங்கம்