தோற்ற ஆண்டின் ரசிகர்

பாப்பாரப்பட்டியிலிருந்து சென்னை நேரு விளையாட்டரங்கம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கால்பந்தாட்டம் ஒன்றைக் காண அத்தொலைவு சென்று, இரவெல்லாம் பேருந்தில் விழித்திருந்து ஊர் திரும்பும் இளைஞரைப் பித்தர் என்பாரும் உளர். தோற்ற அணிக்காகச் சென்று வந்தவராயின் கேட்கவே வேண்டா.

2018 மார்ச்சில் சென்னையின் எஃப்.சி. அணி, பெங்களூரு அணியை அதன் சொந்த அரங்கிலேயே 3–2 என வென்று, இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை இரண்டாம் முறையாகக் கைக்கொண்டது. அதற்கு முந்தைய அரையிறுதியில் வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் ஒரு கோல் அடித்திருந்தார். தமிழகமெங்கும் ரசிகர்கள் பெருகினர். அடுத்த பருவத்திலோ 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. பத்து அணிகளுள் கடைசி இடம்.

ரசிகரை அளக்கத் தக்கது இக்கடைசி இடமே. வெற்றியை மட்டும் நாடுவோர் அப்போது விலகிவிடுவர். எஞ்சியிருப்பவரோ முடிவை விடுத்து ஆட்டத்தைக் காண்கிறார்: பந்து எவ்விடத்தில் பறிபோயிற்று, தற்காப்பு எங்கே தளர்ந்தது என நோக்குகிறார். அவர் குறை கூறலாம். வீரரை இழித்துரைப்பவர் ரசிகரல்லர். பயணச்செலவு குறித்த பெற்றோரின் கவலையும் நியாயமானதே. தொலைக்காட்சியில் பருவம் முழுதும் பின்தொடர்பவரின் பற்று எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

மறு பருவத்தில் அவ்வணி மீண்டும் இறுதியாட்டத்தை எட்டியது. 2020 மார்ச்சில் கோவாவில் நடந்த அவ்வாட்டம், பெருந்தொற்று அச்சத்தால் பார்வையாளரின்றி நடைபெற்றது. கடைசி இடத்திலும் உடனிருந்தோர், ஏ.டி.கே. அணியிடம் தம் அணி 1–3 எனத் தோற்றதை வீட்டிலிருந்தே கண்டனர்.