பயணப் பக்கம்: அன்ன வண்டியைத் தேடி

சென்ற இதழில் பூரி யாத்திரையைப் பற்றி நாம் எழுதியதைப் படித்த அன்பர் ஒருவர், "ரயில் பாஸ் செல்லும் இடங்களைத் தவிர வேறிடம் உமக்குத் தெரியாதோ?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆகவே இம்மாதம் பாஸ் செல்லாத தேசங்களைப் பற்றியே எழுதத் துணிந்தோம். ஆனால் அங்கே நாம் இன்னும் போகவில்லை. திட்டம் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் மோட்டார் வண்டிகளுக்கென்றே அமைந்த பொருட்காட்சிசாலைகள் பல இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு மோட்டாரிலேயே சென்று நம் தகப்பனாருக்குக் காட்ட வேண்டும் என்பது எண்ணம். ரயில்வே குமாஸ்தா மோட்டாரில் ஊர் சுற்றுவதா என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். மோட்டார்களைப் பார்ப்பதற்கு ரயிலில் போவது அதைவிட வேடிக்கையன்றோ!

தகப்பனார் பதினேழாம் வயதில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவர். பவானிப்பூரில் ஒரு மோட்டார் பட்டறையில் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஸ்பானர் பிடித்தார். அம்பாஸிடர் வண்டி தெருமுனையில் வரும்போதே, அதன் எந்த வால்வு சரியாக மூடவில்லை என்று திண்ணையிலிருந்து சொல்லிவிடுவார். அந்த வண்டி நம் ஊருக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் தயாராகி, 2014-இல் நின்று போயிற்று. இப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று. இரண்டாண்டுகளாகக் கண்ணில் நீரழுத்த நோய். நேரே பார்ப்பது தெளிவாகத் தெரிகிறது. பக்கவாட்டுப் பார்வை குறுகிவிட்டது. கதவு நிலையில் தோள் இடித்துக்கொள்கிறார். இந்த நோயில் இழந்த பார்வை திரும்புவதில்லை. சொட்டு மருந்து இருப்பதைக் காக்கும், அவ்வளவே என்று டாக்டர் கூறிவிட்டார்.

ஊரில் ஒரு மனை வாங்குவதற்காகச் சேர்த்திருந்த பணம் கையில் இருந்தது. அதைத் தொடுவதா என்று நாம் தயங்கிக்கொண்டிருக்கையில், "மனை அடுத்த வருஷமும் இருக்கும்" என்று நம் மனைவி சொன்னாள். அத்துடன் பேச்சு முடிந்தது.

ஜெர்மனியில் மான்ஹைம் நகரில் நம் தம்பி வேலையாக இருக்கிறான். வண்டியும் அவனுடையது, ஓட்டுகிறவனும் அவனே. ஆகவே பெருஞ்செலவில் பாதி குறைந்தது.

முதலில் நாம் போட்ட திட்டம் அசல் ரயில்வே கால அட்டவணை. பன்னிரண்டு நாட்களில் பத்துப் பொருட்காட்சிசாலைகள். மியூனிக், டூரின், மோடெனா, மாரனெல்லோ ஒன்றையும் விடவில்லை. புறப்பாடு, சேர்க்கை, நிற்கும் நிமிடம் என்று கட்டம் கட்டி எழுதித் தகப்பனாரிடம் பெருமையாகக் கொடுத்தோம். அவர் தாளை முகத்துக்கு அருகே பிடித்து வெகுநேரம் படித்தார். "ஏம்பா, வண்டியைப் பார்க்கப் போகிறோமா, வாசலைப் பார்க்கப் போகிறோமா?" என்றார்.

அன்றிரவே பாதியை அடித்துவிட்டோம். டூரின் நகரத்தை அடித்தபோது மனம் வருந்தியது. 1907-இல் பீக்கிங்கிலிருந்து பாரிஸ் வரை ஓடி வென்ற இட்டாலா வண்டி அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஆல்ப்ஸ் மலையைத் தாண்ட வேண்டும். சுவிட்சர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் செல்வதற்கு ஆண்டுச் சீட்டு வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாளெல்லாம் வண்டியில் உட்கார்ந்தே கழியும். ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் கார்களுக்குச் சுங்கம் கிடையாது. எஞ்சியவை நான்கு ஊர்கள். இரண்டைத் தகப்பனார் கேட்டார். இரண்டை நாம் சேர்த்தோம்.

முதல் ஊர் ஹாலந்து தேசத்தின் ஹேக் நகரம். அங்கே லௌமன் பொருட்காட்சிசாலையில் நம் கல்கத்தாவின் வண்டி ஒன்று இருக்கிறது! 1910-இல் இங்கே வாழ்ந்த மாத்யூசன் என்ற ஸ்காட்லாந்து எஞ்சினீயர், இங்கிலாந்தின் புரூக் கம்பெனியாரிடம் சொல்லி, அன்னப் பறவை உருவில் ஒரு மோட்டார் செய்வித்தார். கழுத்தும் தலையும் மரத்தில் செதுக்கியவை. கண்களில் மின்சார விளக்கு. அலகிலிருந்து நீராவி சீறும். தெருவில் கூட்டம் விலகுவதற்காக அந்த ஏற்பாடு. பின்புறத்தில் சுண்ணாம்பு நீரைத் தரையில் கொட்டுவதற்கும் ஒரு குழாய் உண்டாம். அது எதைப் போலத் தோன்றும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். இது வீதியில் வந்தபோது ஊரே கலவரப்பட்டுப் போலீஸார் தலையிட நேர்ந்தது. பிறகு நாபா மகாராஜா வாங்கினார். அந்தக் குடும்பத்தில் பல்லாண்டு இருந்தபின், 1991-இல் ஹாலந்துக்குப் போயிற்று. இக்கதையைத் தகப்பனாருக்கு, அவர் பையனாக இருந்த நாளில், பட்டறையின் வயோதிக மிஸ்திரி ஒருவர் சொன்னாராம். சின்னப் பையனை ஏமாற்றச் சொன்ன கதை என்றே நாற்பது ஆண்டுகள் நினைத்திருந்தார். பேரன் ஒருநாள் கைபேசியில் படத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

ஆகையால் ஆம்ஸ்டர்டாமில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் ஹேக் செல்வோம். தம்பி சனிக்கிழமை வந்து நம்மை ஏற்றிக்கொள்வான். அங்கிருந்து மான்ஹைம் ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

மான்ஹைம் ஊரைச் சேர்த்தது நாம். தம்பி வீடு அங்கே இருப்பது மட்டும் காரணமன்று. கார்ல் பென்ஸ் என்பவர் 1886-இல் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குப் பேட்டன்ட் பெற்றது அந்த ஊரில். வண்டியைச் செய்துவிட்டாரே ஒழிய, அதை வாங்குவார் இல்லை. அவருடைய மனைவி பெர்தா, மணமாகும் முன்பே தன் சீதனத்தை அவர் தொழிலில் போட்டவள். 1888 ஆகஸ்டில் ஒரு நாள், கணவரிடம் சொல்லாமலே, இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியில் பிபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், துணிக்கறை நீக்குவதற்கென்று விற்ற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினாள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தாள். பிரேக்குக் கட்டை தேய்ந்தபோது சக்கிலியரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னாள். மேட்டில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். மேட்டில் ஏறாத குறையைக் கேட்ட பென்ஸ் பின்னர் இன்னொரு கியர் சேர்த்தார் என்பார்கள். அந்த வழி இன்று பெர்தா பென்ஸ் நினைவுப் பாதை என்று அடையாளப் பலகைகளுடன் இருக்கிறது. அதில் ஒரு நாள் மெதுவாகச் செல்வோம். பக்கத்து லாடன்பர்க் ஊரில், பென்ஸ் குடும்பத்தின் பழைய தொழிற்சாலையிலேயே ஒரு சிறு பொருட்காட்சிசாலையும் உண்டு. வாரத்தில் சில நாட்கள்தாம் திறப்பார்கள். நாள் பார்த்துப் போக வேண்டும்.

நாளைப் பற்றிச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. ஸ்டுட்கார்ட்டின் இரண்டு பெரிய மோட்டார்ச் சாலைகளும், ஹேக் நகரத்ததும் திங்கட்கிழமை மூடியிருக்கும். நம் முதல் அட்டவணையில் ஒரு திங்கட்கிழமை முழுவதையும் பூட்டிய கதவின்முன் கழிக்கும்படி எழுதியிருந்தோம்.

ஸ்டுட்கார்ட்டில் தகப்பனார் விரும்பியது மெர்ஸிடிஸ் பென்ஸ் பொருட்காட்சிசாலை ஒன்றே. 2006-இல் திறந்த கட்டடம். மின்தூக்கியில் உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள். பிறகு சுழன்று இறங்கும் சரிவுப் பாதையில் 1886 முதல் இக்காலம் வரை வண்டிகளைப் பார்த்துக்கொண்டே கீழே வரலாம். முழங்கால் வலியுள்ளவர்க்கு நல்ல ஏற்பாடு. பக்கப் பார்வை குறைந்தவருக்குச் சரிவு கொஞ்சம் ஆபத்து, கையைப் பிடித்துக்கொள்வோம். அந்நகருக்குள் நுழையும் வண்டியில் புகைக் கட்டுப்பாட்டுக்கான பச்சை வில்லை இருக்க வேண்டும், தம்பி ஒட்டியிருக்கிறான்.

கடைசி ஊர் பிரான்ஸின் முலூஸ். இதற்கு மட்டும் இரண்டு முழு நாட்கள் வைத்திருக்கிறோம். ஸ்லும்ப் சகோதரர் இருவர் கம்பளி நூல் ஆலை முதலாளிகள். ஆலை லாபத்தையெல்லாம் பழைய மோட்டார்களில், முக்கியமாகப் புகாட்டி வண்டிகளில் கொட்டினார்கள். 1964-இல் அமெரிக்காவில் ஒருவரிடமிருந்து முப்பது புகாட்டிகளை ஒரே தடவையில் வாங்கினார்கள். அவை சரக்கு ரயிலில் துறைமுகம் போயின. சேர்த்ததை ஒருவருக்கும் காட்டாமல் பூட்டி வைத்தார்கள். எழுபதுகளில் ஆலைத் தொழில் சரிந்தது; வேலையாட்களை நீக்கினார்கள். 1977 மார்ச்சில் தொழிலாளர் உள்ளே புகுந்தபோது, வரிசை வரிசையாக விளக்குக் கம்பங்களின் கீழே நூற்றுக்கணக்கான மோட்டார்கள் மின்னிக்கொண்டிருந்தன! தங்கள் கூலி இப்படி நிற்பதைக் கண்டவர்களின் நெஞ்சு எப்படி இருந்திருக்கும்? முதலாளிகள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். ஏறக்குறைய இரண்டாண்டு காலம் தொழிலாளரே அதைப் பிடித்து வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். 1982-இல் அது தேசியப் பொருட்காட்சிசாலையாயிற்று.

அங்கே புகாட்டி ராயேல் இருக்கிறது. இருபத்தைந்து செய்ய நினைத்து ஆறுதான் நிலைத்தன. அவற்றில் இரண்டு இங்கே. இஞ்சின் 12.7 லிட்டர். "நம் அம்பாஸிடர் ஒன்றரை லிட்டர். எட்டரை வண்டி ஒரு பானெட்டுக்குள்ளேயா!" என்று தகப்பனார் வியந்தார். மன்னர்களுக்கென்று செய்த வண்டி விலை போகவில்லை. புகாட்டி அந்த இஞ்சின்களை என்ன செய்தார் தெரியுமா? 1933 முதல் பிரான்ஸின் தண்டவாளங்களில் ஓடும் ரயில் மோட்டார்களில் வைத்து ஓட்டினார். அவற்றுள் மிஞ்சிய ஒன்று, அதே முலூஸ் நகரின் ரயில் பொருட்காட்சிசாலையில் நிற்கிறது. தகப்பனாருக்கு ஒரு நாள், நமக்கு ஒரு நாள் என்று பங்கு போட்டதன் ரகசியம் இதுவே.

காகித வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. அரசாங்க ஊழியர் வெளிநாடு செல்ல இலாகாவின் அனுமதி வேண்டும். நாம் முதலில் எழுதிய விண்ணப்பம் படிவம் தவறென்று திரும்பி வந்தது. மூன்று தேசங்களுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும்; அதிக நாள் தங்கும் தேசத்திடம் கேட்க வேண்டும்; நமக்கு ஜெர்மனி. ஆளுக்கு 90 யூரோ கட்டணம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷ்யூரன்ஸும் கட்டாயம். தகப்பனாரின் சொட்டு மருந்தையும் டாக்டர் சீட்டையும் கைப்பையிலேயே வைக்க வேண்டும். கோடைக்காலத்தில் அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரம். மருந்து வேளையை அதற்கேற்ப எழுதி வைத்திருக்கிறோம்.

விசா அலுவலகத்துக்குப் போகும் நாள் வரும் பதினெட்டாம் தேதி. தகப்பனாருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அன்னத்தின் அலகில் நீராவி வரவேண்டுமானால் குளிர்நீர்க் குழாயை எங்கே பிரித்திருப்பார்கள் என்று ஒரு வாரமாகப் படம் வரைந்துகொண்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரிவதற்காகக் கோடுகளைத் தடிப்பாகப் போட்டிருக்கிறார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். ஹேக் நகரத்தில் வண்டியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.