பத்து நிமிஷ ஸ்டேபிள்

ஓவர்க்ளாக் பண்ணுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அந்தக் கட்சிதான். என் கோபமெல்லாம், "பத்து நிமிஷம் சினிபெஞ்ச் ஓடிச்சு மச்சி, ராக் ஸ்டேபிள்" என்று ஸ்க்ரீன்ஷாட் காட்டிக்கொண்டு திரியும் கூட்டத்தின் மேல்தான்.

இதைச் சொல்ல உனக்கென்ன தகுதி என்கிறீர்களா? போன வருஷம் வரை நானும் அதே கூட்டத்தில்தான் இருந்தேன். 3200-ல் ஓட வேண்டிய ராமை 3800-க்கு ஏற்றினேன். விண்டோஸ் வந்தது, கேம் ஓடியது, நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அந்த வாரமே அக்கா கல்யாணப் போட்டோக்களைப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து புதுசுக்கு மாற்றிவிட்டுப் பழையதை ஃபார்மேட் செய்தேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் பல படங்களில் பாதிக்குக் கீழே சாம்பல் பட்டை. தாலி கட்டும் படத்தில் அக்காவின் கழுத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை. தாலியே இல்லை!

அம்மாவிடம் "டிஸ்க் போயிடுச்சும்மா" என்றேன். பொய். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு ராத்திரி மெம்டெஸ்ட்86+-ஐ பென்டிரைவில் போட்டு ஓட்டினேன். இருபது நிமிஷத்தில் திரை முழுக்கச் சிவப்புக் கோடு. அந்த இருபது நிமிஷத்தை மூன்று மாதம் முன்னாலேயே செலவு செய்திருக்கலாம்.

மக்களே, ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டர் நீலத் திரை காட்டி விழுந்தால் அது நல்ல செய்தி. விழாமல் தப்புக் கணக்குப் போட்டுக்கொண்டே ஓடுவதுதான் ஆபத்து. ப்ராசசருக்குள் ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் சிக்னல் தன் பாதையைக் கடந்தாக வேண்டும். வேகத்தைக் கூட்டினால் அந்த அவகாசம் குறைகிறது. ஆகவே வோல்டேஜைக் கூட்டுகிறோம். ஆனால் மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், கூடவே சூடும் ஏறும். எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஆயிரம் கோடி தடவை சரியாக வரும் விடை, அடுத்த தடவை ஒரு பிட் புரண்டு வரலாம். அந்த பிட் உங்கள் கேமில் ஒரு புல்லின் நிறமாகவும் இருக்கலாம், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டாகவும் இருக்கலாம்.

இப்போது வழக்கமான சால்ஜாப்புகளுக்கு வருவோம்.

"ப்ரைம்95 நிஜ வாழ்க்கை லோடே இல்லை." ஜார்ஜ் வோல்ட்மன் 1996-ல் தொடங்கிய ஜிம்ப்ஸ் திட்டம், மெர்சென் பகா எண்களைத் தேடுவது. வாரக்கணக்கில் ஓடும் கணக்கில் ஒரு இடத்தில் சறுக்கினாலும் அவ்வளவும் வீண். அதனால்தான் அதன் மென்பொருள் தன்னைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கும். முழு எண்ணாக வர வேண்டிய விடை எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கும். 0.4-ஐத் தாண்டினால் 'ஹார்டுவேர் பழுது' என்று கத்தும். டார்ச்சர் டெஸ்ட்டில் ஏற்கெனவே தெரிந்த விடையோடு ஒப்பிட்டும் பார்க்கும். நமக்கு வேண்டியது இந்தச் சந்தேகப் புத்திதான். கேம் தன் விடையைச் சரிபார்க்குமா? இன்னொன்று: 2016 ஜனவரியில் இன்டெல்லின் ஸ்கைலேக் ப்ராசசரில் இருந்த ஒரு பிழை, ப்ரைம்95 ஓட்டியபோதுதான் வெளியே வந்தது. பயாஸ் அப்டேட் கொடுத்துச் சரிசெய்தார்கள். ஓவர்க்ளாக்கே பண்ணாத சிப்பில் ஓட்டை கண்டுபிடித்த டெஸ்ட் உங்கள் சிப்புக்கு மட்டும் ஆகாதா?

"ப்ரைம்95 ப்ராசசரைக் கொன்னுடும்." பாதி உண்மை. கண்டபடி வோல்டேஜ் ஏற்றிவிட்டு ஸ்மால் எஃப்எஃப்டி ஓட்டினால் சூடு எகிறும். வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள், எல்லையைத் தொட்டால் நிறுத்துங்கள். ஆனால் அந்தக் கொலைகாரன் டெஸ்ட் இல்லை, நீங்கள் வைத்த வோல்டேஜ். 2024-ல் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் சில நாளடைவில் கெட்டுத் தடுமாறின. இன்டெல்லே வாரன்டியை இரண்டு வருஷம் நீட்டியது.

"நான் எட்டு மணி நேரம் ஓட்டிட்டேன், போதும்." சபாஷ். ஆனால் எந்த டெஸ்ட்டும் 'ஸ்டேபிள்' என்று சான்றிதழ் தராது. 'இன்னும் தப்பு கண்டுபிடிக்கவில்லை' என்று மட்டுமே சொல்லும். மார்கழி ராத்திரி பாஸ் ஆன மெஷின் அக்னி நட்சத்திர மத்தியானத்தில் ஃபெயில் ஆகலாம். முழு லோடில் நிமிர்ந்து நிற்பது, சும்மா இருக்கும்போது வோல்டேஜ் இறங்கித் தூக்கத்திலேயே விழலாம். ஆகவே ராமுக்கு மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி, ப்ராசசருக்கு ப்ரைம்95, பிறகு ஒரு வாரம் சாதாரண வேலை. அதுவரைக்கும் முக்கியமான ஃபைல் எதையும் அந்த மெஷின் வழியாக நகர்த்தாதீர்கள். கோடையில் மறுபடி ஒரு தடவை.

"என் மெஷின், என் இஷ்டம்." சரிதான், உங்களோடு நின்றால். மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005-ல் எழுதியிருந்தார்: க்ராஷ் ரிப்போர்ட்டுகளைத் தோண்டினால், தப்பே நடக்க முடியாத எளிய கட்டளையில் ப்ரோகிராம் விழுந்திருக்கிறது. விசாரித்தால் ஓவர்க்ளாக் செய்த மெஷின்கள். சிலருக்கு அது ஓவர்க்ளாக் ஆனது என்றே தெரியாது, கடைக்காரர் அப்படியே விற்றிருக்கிறார். நம் ஹாஸ்டலில் ஃபைனல் இயர் அண்ணன்கள் "பக்கா ஸ்டேபிள்டா தம்பி" என்று ஜூனியர் தலையில் கட்டுவதும் இதேதான். விற்பதற்கு முன் பயாஸை டீஃபால்ட்டுக்கு மாற்றிக் கொடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

1998-ல் செலிரான் 300ஏ-வை 450-க்கு ஓட்டினார்கள். பாதிக்குப் பாதி லாபம்! அதற்காக ரிஸ்க் எடுத்ததில் அர்த்தம் உண்டு. இன்றைய சிப்கள் தாமாகவே பூஸ்ட் ஆகி எல்லைக்குப் பக்கத்தில்தான் ஓடுகின்றன. நமக்கு மிஞ்சுவது சில சதவீதம். அந்தச் சில சதவீதத்துக்கு ஒரு ராத்திரி டெஸ்ட் ஓட்டப் பொறுமை இல்லாதவர், ஓவர்க்ளாக் பண்ணாமலே இருக்கலாம். கேவலம் ஒன்றும் இல்லை.

அக்காவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும். மன்னிச்சுக்கோக்கா :-(