ரேகை தேய்ந்த விரல்கள்

நவம்பர் வந்தால் மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று தரவேண்டும். 2014-ல் வந்த ஜீவன் பிரமாண் திட்டம் இந்த வேலையைக் கணினிக்கு மாற்றியது. நல்ல ஏற்பாடுதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கைரேகைக் கருவி முன்னால் நிற்கும் பெரியவர்களைப் பாருங்கள். வயதாக ஆக, தோல் வறண்டு ரேகை மங்கிவிடுகிறது. எங்கள் ஊர் வங்கிக் கிளையில், காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த ஒரு அம்மா, கணவரின் குடும்ப ஓய்வூதியத்துக்காக விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார். கருவி ஏற்க மறுக்கிறது. "நாளைக்கு வாங்கம்மா" என்கிறார்கள். ஆட்டோ காசு யார் கொடுப்பது? முகத்தைப் படம் பிடித்தே சான்று தரும் வசதி 2021-லேயே வந்துவிட்டது. 70 ரூபாய் கொடுத்தால் தபால்காரர் வீட்டுக்கே வந்து முடித்துக் கொடுக்கிறார். இதை அந்த வரிசையில் நிற்பவர்களிடம் சொல்ல ஒருவரும் இல்லையே என்பதுதான் என் ஆத்திரம். கவுன்ட்டர் கண்ணாடியில் தமிழில் ஒரு தாள் ஒட்டலாம். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் பட்டியலைக் கிளையே எடுத்து, ஆள் அனுப்பலாம். 80 வயதைக் கடந்தவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடலாம். அந்த மாதமே சான்று தர அவர்களுக்கு அனுமதி உண்டு.