வறுமை யாரையும் செதுக்குவதில்லை

மே மாதம் வந்தால் போதும், பொதுத்தேர்வு முடிவுகளோடு ஒரு கதையும் வந்துவிடும். கூலித் தொழிலாளி மகள், ஒற்றை அறை வீடு, தெருவிளக்கு, நல்ல மார்க். அம்மா ஸ்வீட் ஊட்டுகிற படம். நாமும் கண்கலங்கி ஷேர் பண்ணுவோம், கூடவே ஒரு வரி எழுதுவோம்: ‘வறுமைதான் இவளைச் செதுக்கியது.’ அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்னும் பத்து மார்க் கூடவே வாங்கியிருக்க வேண்டியவள். எனக்குச் சண்டை அந்த வரியோடுதான்.

செதுக்குறதுன்னா என்னன்னு மாமல்லபுரத்துல போய்க் கேட்கலாம். 1957இல் அரசே சிற்பப் பயிற்சிக்குப் பள்ளி தொடங்கிய ஊர் அது. சிற்பி முதலில் கல்லைத் தட்டி ஓசை கேட்பார். உள்விரிசல் இருக்கும் கல்லென்று தெரிந்தால் ஒதுக்கிவிடுவார். உளி பிடிக்கிற கைக்குப் பின்னால் வருஷக்கணக்கான பயிற்சி இருக்கும், மனசில் ஒரு உருவம் இருக்கும். வறுமைக்கு இதில் எது இருக்கிறது? அதுக்கு ஓசையும் தெரியாது, உருவமும் தெரியாது. ஆயிரம் பேரை உடைத்த இடத்தில் ஒருத்தி உடையாமல் நின்றால், உடைத்த சம்மட்டிக்கா பாராட்டு விழா?

எதிர்த்தரப்பு எடுத்து வைக்கக்கூடிய உதாரணம் ஒன்று இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. நானே எடுத்து வைத்துவிடுகிறேன். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள். ‘பார்த்தீங்களா, பள்ளிக்கூடம் இல்லை, வசதி இல்லை, ஆனாலும் உலகம் தேடி வந்தது’ என்று அன்றைக்கும் எழுதினார்கள்.

எனக்கு இந்தக் கதை நேர் எதிராகத்தான் படுகிறது. வளைவாயில் புதுசாக மண் நழுவியிருப்பதைப் பார்த்து உள்ளே இருப்பது எலியா பாம்பா என்று சொல்கிற கண், உரிந்த சட்டையைக் கையில் எடுத்தே இன்ன பாம்பு என்று சொல்கிற விரல் - இதெல்லாம் பட்டினியில் முளைக்காது. சின்ன வயசில் அப்பா அம்மாவோடு புதர்க்காட்டில் நாள் முழுக்க அலைந்த பிள்ளைக்கு வருவது அது. பெரியவர்கள் பிள்ளைக்குக் கொடுத்த நேரம். பிள்ளை கேள்வி கேட்க, அவர்கள் நின்று பதில் சொன்ன நேரம். 1972இல் வனவுயிர்ச் சட்டம் வந்து பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோனபோது, 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்த அறிவுக்கு ஒரு கூலியைக் கொடுத்தது. வடநெம்மேலியில் இன்றைக்கும் விஷம் எடுக்கிறார்கள். அந்த இரண்டு பேருக்குப் பின்னால் இருப்பது பரம்பரை அறிவும் ஒரு சங்கமும். வறுமையை நடுவில் செருகி அதற்கு மாலை போட்டது நாம்.

இப்போது அதே மக்களின் இன்னொரு பிள்ளையைப் பார்ப்போம். அட்வான்ஸ் வாங்கிய குடும்பம் தை மாசம் வாக்கில் செங்கல் சூளைக்குப் போனால், மழைக்கு முன்னால்தான் திரும்பும். பள்ளியில் முழு ஆண்டுத் தேர்வு அதுக்கு நடுவில் வந்து போயிருக்கும். வெயில் ஏறுவதற்குள் கல் அறுக்க வேண்டும் என்பதால் விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே வேலை தொடங்கிவிடும். எட்டு வயசுப் பிள்ளை பச்சைக்கல்லைத் திருப்பி வைக்கும், அதைவிடச் சின்னதைப் பார்த்துக்கொள்ளும். 1976லேயே கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டாயிற்று. கடன் மட்டும் ‘அட்வான்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு இழப்பு சோறும் பள்ளியும் மட்டுமில்லை. அதோடு நின்று பேச அப்பாவுக்கும் நேரமில்லை, அம்மாவுக்கும் நேரமில்லை.

பக்கத்து மாவட்டங்களான விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் 464 கரும்பு விவசாயிகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலானோர் செய்து 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அறுவடைக்கு முன்னால், கை வறண்ட நேரத்தில் ஒரு முறை. கரும்புக் காசு வந்த பிறகு ஒரு முறை. ஒரே ஆளுக்கு இரண்டு தடவை அறிவுச் சோதனை வைத்தார்கள். காசு வந்த பிறகு அதே ஆள் தெளிவாகச் செய்தார். அவருக்கு அறிவு குறைச்சலாக இருக்கவில்லை. அதில் ஒரு பகுதியைக் கடன் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

விவசாயிக்கு அறுவடை என்று ஒன்று வருகிறது. சூளையில் வளர்கிற பிள்ளைக்கு வருஷம் முழுக்க அறுவடைக்கு முந்தின மாசம்தான். அதுவும் மூளை வேகமாக வளர்கிற வயசில். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், ரத்தச்சோகை 57 சதவீதம் பேருக்கு. முன்னேறிய மாநிலத்தின் கணக்கு இது.

இங்கே ஒரு நண்பர் கையைத் தூக்குவார், தூக்கவும் வேண்டும். ‘ஏழைப் பிள்ளைக்கு மூளை வளரலைன்னு சொல்றீங்களா? சாதி சொன்னதைத்தானே அறிவியல் பேர்ல சொல்றீங்க?’ நியாயமான கோபம். ஆனால் சாதி சொல்வது, பிறப்பிலேயே இப்படித்தான், மாறாது என்று. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1980களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சேர்த்து ஒரு சோதனை செய்தார்கள். சில குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருஷம் சுகாதாரப் பணியாளர் போனார். கையால் செய்த பொம்மைகளை வைத்து, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று அம்மாவுக்குக் காட்டினார். இருபது வருஷம் கழித்துப் பார்த்தால், அப்படி யாரும் போகாத பிள்ளைகளைவிட இவர்கள் சம்பாத்தியம் 25 சதவீதம் அதிகம். பிறப்பில் எழுதியிருந்தால் பொம்மைக்கு அழியுமா? சேதம் நிஜம் என்று ஒத்துக்கொள்கிறவன்தான் அதை யார் செய்தது, எப்படிச் சரிசெய்வது என்று கேட்க முடியும். ‘செதுக்கியது’ என்று சொல்கிறவனுக்குக் கேட்க ஒன்றுமே இல்லை. அந்த வரி மேல் எனக்கு இவ்வளவு எரிச்சல் வருவது அதனால்தான்.

கடற்கரைக் கோயில் பக்கம் பாசிமணி விற்கிற பன்னிரண்டு பதிமூன்று வயசுப் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாலு மொழியில் பேரம் பேசும், முகத்தைப் பார்த்தே வாங்குகிற ஆளா என்று கண்டுபிடிக்கும். ‘இந்த வயசுலேயே என்ன சாமர்த்தியம், என்ன பொறுப்பு’ என்று ரீல் எடுத்துக்கொண்டு போகிறோம். நம் வீட்டுப் பையன் பதினாறு வயசில் கிடார் வாங்கி, ஒரு மாசத்தில் மூலையில் போட்டுவிட்டு, அப்புறம் கேமரா கேட்பான். அதுக்குப் பெயர் வளரிளம் பருவம், தேடல். தப்பு செய்து பார்க்க அவனுக்கு இடம் இருக்கிறது. மணி விற்கிற பிள்ளை ஒரு நாள் தப்பாகக் கணக்குப் போட்டால் ராத்திரிச் சோற்றில் கை வைக்கும். அந்தப் பருவம் அதுக்கு வரவே இல்லை. அதைத்தான் நாம் பொறுப்பு என்று பாராட்டுகிறோம்.

2021இல் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் ஒரு நரிக்குறவர் பெண்ணைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். அவர் பேசிய வீடியோ பரவியது. அமைச்சர் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தத் தீபாவளி அன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழும் கொடுத்தார். நல்ல காரியம்தான், கிண்டல் பண்ண மாட்டேன். ஆனால் ஒரு பெண் கேமரா முன்னால் பொரிந்து தள்ளிய பிறகுதான் ஒரு ஊருக்குக் காகிதம் வந்தது. வீடியோ வராத ஊர்கள்?

காலை உணவுத் திட்டத்தை 2022இல் தொடங்கியபோது 1 முதல் 5ஆம் வகுப்பு வரைதான் வைத்தார்கள். ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குக் காலையில் பசிக்காதா? பத்தாவது தாண்டுகிற இருளர் பிள்ளையிடம் சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் தர வேண்டியது, அவரோ அப்பாவின் சான்று எங்கே என்பார். தாத்தா காலத்திலிருந்து ஊர் ஊராகச் சவுக்கு வெட்டிய குடும்பத்தில் அது எங்கே இருக்கும்? நடையாக நடந்து, கூலி போய், கடைசியில் விசாரணைக்கு ஆள் வருகிற அன்றைக்குக் குடிசையில் பூட்டு தொங்கும். தை மாசம், எல்லோரும் சூளைக்குப் போயிருப்பார்கள்.