தூண்டிலும் பஞ்சாங்கமும்

நம் சங்கத்து அன்பர் ஒருவர் கோடை விடுமுறைக்குக் குடும்பத்துடன் நாகப்பட்டினம் சென்றிருந்தார். அங்கே விசைப்படகுகள் யாவும் கரையில் கட்டிக் கிடந்தன. பள்ளி திறக்கும் ஜூன் நடுவில் மும்பை திரும்பினால், இங்கும் அதே காட்சி! “நாம் போகுமிடமெல்லாம் மீனுக்கும் விடுமுறையா?” என்று அவர் மகன் கேட்டானாம்.

சிறுவன் கேட்டது நியாயமே. வங்கக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், அரபிக் கடலோரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. கரைக்கு 61 நாள். மீனினம் பெருகவேண்டும் என்பது இதன் நோக்கம். மேற்கே பருவக்காற்றின் சீற்றத்தினின்று மீனவரைக் காப்பதும் இதனுள் அடங்கும். ஆணை படகுகளுக்கே எனினும், கரையில் தூண்டிலுடன் அமரும் நாமும் அந்நாட்களைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

ஆவணி அவிட்டத்தை ஒட்டிய பௌர்ணமியில் இங்குள்ள கோலி மீனவர் கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்து வணங்குவர். நாரளி பூர்ணிமா எனும் அத்திருநாளுக்குப் பின் கடல் மெல்ல அடங்கும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நமக்கு உகந்த காலம். தீபாவளி சமயம் ஊரில் அடைமழை பெய்துகொண்டிருக்க, இங்கே வானம் வெளுத்திருக்கும். எனினும் புயல் எச்சரிக்கை உண்டா என்று கேட்டறிந்தே புறப்படுதல் வேண்டும்.

பருவம் அறிந்தால் மட்டும் போதாது. திதியும் அறிதல் வேண்டும். இதை நாம் பட்டே அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அமாவாசைக்கு மறுநாள் காலை, நண்பர் குடும்பத்துடன் புறநகர்க் கடற்கரைப் பாறையொன்றில் சென்று அமர்ந்தோம். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. பத்து மணிக்குத் திரும்பிப் பார்த்தால், நடந்து வந்த வழி நீருக்குள் மறைந்துவிட்டது! கோலிப் பெரியவர் ஒருவர் இடுப்பளவு நீரில் இறங்கி வந்து, நண்பரின் ஐந்து வயதுப் பெண்ணைத் தோளில் ஏற்றிக் கரை சேர்த்தார். “பஞ்சாங்கம் பார்க்கவில்லையா?” என்று மட்டும் கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒரு மீட்டரே. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது ஐந்து மீட்டரை நெருங்கும். அந்நாட்களில் நண்பகலை ஒட்டி நீர் உச்சிக்கு வரும். பின்னர் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தும். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் தணிந்திருக்கும். நற்காரியத்துக்கு ஆகாதென நம் பாட்டிமார் ஒதுக்கிய நாட்களே, பிள்ளைகளுடன் கரைக்குச் செல்ல நல்ல நாட்கள்!

ஆற்றை விரும்புவோர் பத்லாபூர், கர்ஜத் பக்கம் உல்லாஸ் நதிக்குச் செல்வர். முதல் மழையில் சினைமீன்கள் எதிர்நீச்சலிட்டு ஓடைக்கும் வயலுக்கும் ஏறும். மராத்தியர் இதனை வல்கன் என்பர். கையாலேயே பிடிக்கலாம், ஆனால் ஒரு மீனைப் பிடிப்பது ஆயிரம் குஞ்சுகளை அழிப்பதாகும். மேலும் அந்நதியின் வெள்ளம் பொல்லாதது. 2019 ஜூலை 27 அன்று மகாலட்சுமி விரைவு ரயிலையே அது வாங்கணி அருகே சூழ்ந்துகொண்டது. ஆயிரம் பேருக்கு மேல் மீட்கப்பட்டனர். நவம்பருக்குப் பின், நீர் தெளிந்து தணிந்தபோது செல்வதே முறை.

ஆதலின் அன்பர்களே, பயணநாள் குறிக்குமுன் மூன்றைப் பாருங்கள்: மாதம், திதி, அன்றைய வானிலை அறிவிப்பு. மீன் கிடைக்காமல் திரும்பினாலும் குறைவில்லை. அழைத்துச் சென்ற பிள்ளைகள் அனைவரும் வீடு திரும்பவேண்டும், அதுவே முதன்மை.