'யூஸ்ட் டு' படுத்தும் பாடு

நம் மாணவர்தம் ஆங்கிலக் கட்டுரைகளில் 'யூஸ்ட் டு' என்னும் தொடர் மிகுந்து வருகின்றது. 'பாட்டி கதை சொல்வது வழக்கம்' எனத் தமிழில் எண்ணி, 'மை கிராண்ட்மதர் யூஸ்ட் டு டெல் மீ ஸ்டோரீஸ்' என்று எழுதிவிடுகின்றனர். 'வழக்கம்' காலம் காட்டாது. 'யூஸ்ட் டு' இறந்தகாலத்திற்கே உரியது. முன்பு சொன்னார், இப்பொழுது சொல்வதில்லை என்பதே அதன் பொருள். படிப்பவர், பாட்டி மறைந்துவிட்டாரோ என்று வருந்துவார். பாட்டியோ வீட்டில் நலமாக வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார்! இன்றைய வழக்கத்திற்கு 'டெல்ஸ்' என்னும் வினையே போதும்.

இப்பிழைக்குத் தமிழைக் குறைகூறி, வீட்டிலும் ஆங்கிலமே பேசுக என்பாருளர். அதனை யான் ஏற்கேன். மலாய், சீன மாணவரும் இவ்வாறு எழுதக் காண்கின்றோமே! 'சொல்வது வழக்கம்', 'சொல்வது வழக்கமாக இருந்தது' என்னும் இரண்டையும் வகுப்பில் அருகருகே எழுதிக் காட்டினால், வேறுபாடு தமிழிலேயே விளங்கிவிடும். பின்னர் ஆங்கிலம் எளிது.